பெரியதற்கு வழி உண்டு, சிறியதற்கு இல்லை



பெரிய ஆள் நுழையலாம், சிறிய ஆள் நுழைய முடியாது. இப்படி ஒரு வாசல் உண்டா? மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாவின் செல் சவ்வில் இருக்கிறது.

தனிம வரிசை அட்டவணையில் சோடியத்துக்குக் கீழே பொட்டாசியம். ஆகவே அதன் அயனி பெரியது. ஆனாலும் அந்த வாசலில் சுமார் பத்தாயிரம் பொட்டாசியம் போனால் ஒரு சோடியம்தான் போகும்.

காரணத்தைப் படமாகக் காட்டியவர் ராடரிக் மெக்கினன். மருத்துவம் படித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். 1998-ல் அந்தப் புரதத்தின் வடிவத்தை வெளியிட்டார். 2003-ல் வேதியியல் நோபல் பரிசைப் பீட்டர் அக்ரேயுடன் பகிர்ந்துகொண்டார்.

தண்ணீரில் இருக்கும் அயனியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும். அந்தச் சட்டையைக் கழற்றினால்தான் குறுகிய வாசலில் நுழைய முடியும். உள்ளே ஆக்சிஜன் அணுக்கள் பொட்டாசியத்தின் அளவுக்குச் சரியாக வரிசை கட்டி நிற்கின்றன. கழற்றிய நீருக்கு ஈடாக அவை தாங்கிக்கொள்ளும். சோடியம் சிறியது, அவற்றின் பிடி அதற்கு எட்டாது. அதனால் சட்டையைக் கழற்றாமல் வெளியிலேயே நின்றுவிடும். இத்தனை சோதனைக்குப் பிறகும் நொடிக்குப் பத்துக் கோடி அயனிகள் வரை கடக்கும்!

வாசல் மட்டும் போதாது. வெளியே பொட்டாசியம் மிகக் குறைந்தால், நம் குடலில் வாழும் ஈ.கோலை 'கேடிபி' என்ற பம்பைக் கட்டிக்கொள்கிறது. ஏடிபி-யைச் செலவழித்து, இருக்கும் கொஞ்சத்தையும் உள்ளே இழுக்கும். வெளியே உப்பு கூடி, செல்லின் தண்ணீர் வெளியேறும்போதும் அது முதலில் தேடுவது பொட்டாசியத்தைத்தான்.

பாக்டீரியா கதை நமக்கு எதற்கு என்கிறீர்களா? அதே மாதிரி வாசல்தான் நம் நரம்பிலும் இதயத்திலும். செல்லுக்குள் பொட்டாசியம் மிக அதிகம், வெளியே ரத்தத்தில் மிகக் குறைவு. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் இதயத் துடிப்பின் ஒழுங்கு. மிஞ்சியதை வெளியேற்றுவது சிறுநீரகம். அது தளர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், துடிப்பு தடுமாறும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

நம் உறவில் சிலருக்கு இளநீரையும் வாழைப்பழத்தையும் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். "இயற்கையானதுதானே, என்ன செய்துவிடும்?" என்று தயவுசெய்து வாதாடாதீர்கள். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம்.

என் மாணவர்களில் டாக்டர்கள் இருக்கிறீர்கள். விட்டுப்போனதைப் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், எல்லோருக்கும் பயன்படும்.