கோப்பு எந்த மேசையில் நிற்கிறது?

புதுச்சேரி அரசு அலுவலகங்களில் 36 ஆண்டுகள் எழுத்தராக இருந்தவன் நான். அந்த வேலையில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான் என்று என் மனைவி சொல்வாள்: காணாமல் போன கோப்பைக் கண்டுபிடிப்பது. கோப்பு காணவில்லை என்றால் புதியவர்கள் எல்லா பீரோக்களையும் திறந்து கொட்டுவார்கள். பழையவர்கள் பதிவேட்டை எடுத்து, கடைசியாக எந்த மேசையில் கையெழுத்து விழுந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். கையெழுத்து விழுந்த மேசைக்கும் விழாத மேசைக்கும் நடுவில்தான் கோப்பு இருக்கும்.

சென்ற மாதம் என் லேப்டாப்பில் சத்தம் காணாமல் போனபோது இந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது.

லேப்டாப் மகன் உபயோகித்து எனக்குத் தந்தது. பழசாகி மெதுவாகிவிட்டதால் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிரான்சிலிருந்து மகளும் பேத்தியும் அதில்தான் பேசுவார்கள். பேத்திக்கு ஒன்பது வயது. தமிழ் புரியும், ஆனால் வேகமாகப் பேச வேண்டுமென்றால் பிரெஞ்சுதான். நான் பள்ளியில் கணக்கும் பூகோளமும் பிரெஞ்சில் படித்தவன். ஆகவே எங்களுக்குள் சிக்கல் இல்லை.

இல்லை என்றா சொன்னேன்? கொஞ்ச நாளாக இருந்தது. குழந்தை பேசினால் குரல் கேட்கும், வார்த்தை பிடிபடாது. ஒருமுறை மத்தியானம் சாப்பிட்டதைச் சொன்னாள். மீன் என்பதற்கும் நஞ்சு என்பதற்கும் பிரெஞ்சில் நடுவே ஒரே ஓர் ஒலிதான் வித்தியாசம். தமிழில் எழுதினால் இரண்டுமே ‘புவாசோன்’தான். பள்ளியில் எங்கள் முசே டிக்தே சொல்லும்போது இந்த இரண்டையும் வேண்டுமென்றே அடுத்தடுத்து வைப்பார். ஒருநாளும் எனக்குத் தவறியதில்லை. இப்போது குழந்தை நஞ்சு சாப்பிட்டதாக என் காதில் விழுந்தது. அவள் உதடு அசைவதைப் பார்த்துத்தான் பாதி வாக்கியங்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்கையில், ஒரு ஞாயிறு உதடு மட்டும் அசைந்தது. சத்தமே இல்லை. என் வயிற்றில் புளியைக் கரைத்தது. மெஷினா, காதா? மனைவியைக் கூப்பிட்டேன். “என்னங்க, எனக்கும்தான் ஒண்ணும் கேக்கல” என்றாள். அவள் சொன்னதிலேயே அவ்வளவு ஆறுதல் தந்த சொல் வேறில்லை. அன்று போனில் பேசி முடித்துவிட்டு, மறுநாள் காலை காபியோடு உட்கார்ந்தேன்.

லினக்ஸில் சத்தம் ஒரு கோப்பைப் போலத்தான் மேசை மேசையாக நகர்கிறது. முதல் மேசை, பாட்டையோ பேச்சையோ அனுப்பும் செயலி. அடுத்தது பைப்வயர், பழைய கணினிகளில் அந்த நாற்காலியில் பல்ஸ்ஆடியோ இருக்கும். எந்தச் சத்தம் எந்த வழியாகப் போகவேண்டும் என்று பிரித்து அனுப்புவது அதன் வேலை. அதற்கும் கீழே ஆல்சா. இது லினக்ஸின் கருவோடு சேர்ந்தது; ஒலிச் சில்லோடு நேரடியாகப் பேசுவது. கடைசியில் ஸ்பீக்கர்.

முதலில் அமைப்புகளில் ஒலிப் பகுதியைத் திறந்தேன். அங்கே வெளியீடு என்ற இடத்தில் ‘டம்மி அவுட்புட்’ என்று மட்டும் இருந்தால், ஒலி அட்டையே கணினிக்குத் தெரியவில்லை என்று பொருள். அது டிரைவர் அல்லது ஃபர்ம்வேர் சமாச்சாரம். எனக்கு அட்டை தெரிந்தது. அடுத்து, சத்தம் எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குப் போகும்படி தேர்வாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலருக்குச் சிக்கல் இங்கேயே முடிந்துவிடும். எனக்கு ஸ்பீக்கர்தான் தேர்வாகியிருந்தது.

பிறகு பவுகண்ட்ரோல் என்ற செயலியைத் திறந்து ஒரு பாட்டை ஓடவிட்டேன். பாட்டுக்கு ஏற்ப அளவுக்கோடு துள்ளியது. ஆக முதல் இரண்டு மேசைகளிலும் கையெழுத்து விழுந்திருக்கிறது. ஹெட்போனைச் செருகினேன், பாட்டு கேட்டது. ஆகவே ஒலிச் சில்லும் சரி. கோப்பு நிற்பது ஸ்பீக்கருக்கு முந்தைய வாசற்படியில்.

கருப்புத் திரையான டெர்மினலில் ஆல்சாமிக்சர் என்று ஆங்கிலத்தில் சிறிய எழுத்துகளில், இடைவெளி விடாமல் அடித்தால் வரிசையாகத் தூண்கள் வரும். முதலில் ஒரே ஒரு தூண்தான் தெரிந்தது. எஃப்6 விசையை அழுத்தி உண்மையான ஒலி அட்டையைத் தேர்ந்தெடுத்த பிறகே மற்றவை வந்தன. இதைப் பலர் கவனிப்பதில்லை. மாஸ்டர் திறந்திருந்தது, ஹெட்போன் திறந்திருந்தது. ஸ்பீக்கர் தூணின் அடியில் ‘எம்எம்’ என்று இரண்டு எழுத்து. மியூட், அதாவது வாய்ப்பூட்டு. ஹெட்போன் செருகினால் ஸ்பீக்கர் தானாக வாயை மூடிக்கொள்ளும்; எடுத்தால் திறக்க வேண்டும். திறக்கவில்லை. எம் விசையைத் தட்டினேன், அது ‘00’ ஆனது. மேல் அம்புக்குறியால் அளவை ஏற்றினேன். வீடு முழுக்கப் பாட்டு. சுடோ ஆல்சாசிடிஎல் ஸ்டோர் என்ற கட்டளையால் அந்த நிலையைச் சேமித்தும் வைத்தேன்.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் இடம் வலம் சரிபார்க்க ‘ஸ்பீக்கர் டெஸ்ட்’ என்று ஒரு கட்டளை உண்டு. ஹெட்போன் மாட்டி அதை ஓடவிட்டேன். வலப்பக்கக் குரல் பளிச்சென்று இருந்தது. இடப்பக்கக் குரல், பக்கத்து வீட்டில் யாரோ பேசுவதுபோல. ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன், வலதை இடதாக. கோளாறு ஹெட்போனில் இருந்தால் அதுவும் பக்கம் மாற வேண்டும். மாறவில்லை. அப்போதும் இடது காதில்தான் மங்கல். மெஷினின் எல்லா மேசைகளிலும் கையெழுத்து இருக்கிறது. கோப்பு என்னிடம் வந்து நிற்கிறது.

அந்த வாரமே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். அவரும் மேசை மேசையாகத்தான் போனார். முதலில் துவாரத்தில் விளக்கடித்துப் பார்த்தார். அழுக்கு இல்லை, செவிப்பறை நன்றாக இருக்கிறது. இசைக்கவையைத் தட்டிக் காதுக்கு முன்னாலும், காதுக்குப் பின்னால் எலும்பிலும் வைத்தார். நடுக்காதின் மூன்று சின்ன எலும்புகளும் ஒழுங்காக வேலை செய்கின்றன. பிறகு கண்ணாடி அறையில் உட்கார வைத்து ஒரு வரைபடம் எடுத்தார்கள். கோடு கனத்த ஒலிகளில் நேராக வந்து, கீச்சொலிகளில் படிக்கட்டுபோல இறங்கியது. இடது காதில் அதிகமாக. உள்காது நரம்பு, வயதின் வேலை என்றார். ஒரு பக்கம் அதிகம் என்பதால் ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஸ, ஃப போன்ற ஒலிகள்தான் முதலில் நழுவுமாம். குழந்தைகளின் குரல் சன்னமானது என்பதால் இன்னும் கஷ்டம்.

இப்போது இரண்டு காதிலும் கருவி. முதல் வாரம் பிளாஸ்டிக் பை கசங்கும் சத்தமே இடிபோல இருந்தது, பழகிவிட்டது. டிக்தே எழுதிய காலத்துக் காது திரும்பி வரவில்லை. ஆனால் உதட்டைப் பார்க்காமல், பேத்தியின் கண்ணைப் பார்த்துப் பேச முடிகிறது.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். சத்தம் கேட்கவில்லை என்றால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள். வரிசையாக ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பாருங்கள். கடைசி மேசை நம்முடையது. அதையும் விசாரித்துவிடுங்கள்.