மழையின்றிப் பெருகும் ஆறு

எருக்கலம்பிட்டியில் பிறந்த நமக்குக் கடலின் குணம் தெரியும். அது ஏறுவதற்கும் வற்றுவதற்கும் நேரமுண்டு, பிறைக் கணக்குண்டு. மலைநாட்டு ஆறுகள் சிலவற்றுக்கு அந்தக் கணக்கு இல்லை.

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் என்னிடம் ஓதும் பிள்ளைகளின் குடும்பங்கள் வேன் பிடித்து நுவரெலியாப் பக்கம் புறப்படுகின்றன. "கித்துல்கலயில் ஆற்றில் குளிப்போம், மௌலவி" என்று பிள்ளைகள் ஆசையோடு சொல்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

களனி கங்கையின் தலைப்பில் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் உள்ளன. அந்த ஆற்று நீரைக் கொண்டு 1950 முதல் லக்ஷபானவில் மின்சாரம் எடுக்கிறார்கள். மஃரிபுக்குப் பின் நாடெங்கும் விளக்கெரியும். மின்தேவை உச்சத்துக்கு ஏறும். நீர்மின் இயந்திரத்தைச் சில நிமிடங்களில் முழு வேகத்துக்குக் கொண்டுவரலாம். அதைச் சுழற்றிய நீர் ஆற்றில்தான் விழும். ஆகவே முழங்காலளவு ஓடிய ஆறு, வெயில் காயும்போதே இடுப்பளவு ஏறலாம். இயந்திரம் நின்றால் நீர் சட்டென வற்றும். மீன்குஞ்சுகள் கல்லிடுக்கில் சிக்கி மாளும்.

மின் உற்பத்தியைக் குறைத்தாலும் ஆபத்து வரலாம். இந்தியாவின் இமாசலப் பிரதேசத்தில் 2014 ஜூன் 8 அன்று, பியாஸ் ஆற்றின் லார்ஜி நிலையத்தில் உற்பத்தி குறைக்கப்பட்டது. தேங்கிய நீரை மதகு திறந்து விட்டார்கள். கீழே கற்களில் நின்று படமெடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரும், உடன் வந்த ஒருவரும் அடித்துச் செல்லப்பட்டு மாண்டார்கள். எத்தனை தாய்மாரின் கனவு அது!

நீரைப் படிப்படியாகக் கூட்டலாம். கீழே சிறு தேக்கம் கட்டி ஓட்டத்தைச் சமப்படுத்தலாம். முன்கூட்டியே சங்கு ஊதலாம். இவை நிலையத்தாரின் கடமை. நமக்கும் கடமையுண்டு. பிள்ளைகள் நம்மிடமுள்ள அமானிதம் அல்லவா?

இறங்குமுன் அவ்வூராரிடம் கேளுங்கள். அறிவிப்புப் பலகை சிங்களத்தில் இருந்தால் வாசிக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஆற்று நடுவிலுள்ள பாறையில் பாய் விரித்துச் சோறு பரிமாறாதீர்கள். நீர் கலங்கினாலோ, சருகு மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, சங்கு கேட்டாலோ, சட்டி பானையை விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறுங்கள். சட்டி பானை கடையில் கிடைக்கும்.