திருவனந்தபுரம் தந்த ஔவை

தமிழகத்திற்கு வெளியே வாழும் தமிழர்க்கு ஓர் ஐயம் என்றும் உண்டு: வேற்று மண்ணில் வளரும் நம் பிள்ளைகளிடம் தமிழ் நிலைத்து நிற்குமா? மட்டாஞ்சேரியில் வாழும் நமக்கும் அது புதிதன்று. சுக்கும் மிளகும் மணக்கும் கடைத்தெருவில் மலையாளமும் கொங்கணியும் குஜராத்தியும் நம் காதில் விழுகின்றன. வீட்டிற்குள் தமிழ், வாசற்படியைத் தாண்டினால் வேறு மொழி. மனம் சோரும் வேளையில் நாம் நினைத்துக்கொள்ளத் தக்கவர் ஒருவர் உண்டு. அவர் ஔவை தி. க. சண்முகம்.

பெயரின் முன்னெழுத்துகளைப் பாருங்கள். 'தி' என்பது திருவனந்தபுரம்; 'க' என்பது தந்தை கண்ணுசாமி. அன்றைய திருவிதாங்கூர்த் தலைநகரில் 1912-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். தந்தையாரும் நாடக நடிகரே; பெண் வேடத்திற்குப் பெயர் பெற்றவர். 1918-இல் அக்குடும்பம் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் நாடக சபையில் சேர்ந்தது. அப்போது சண்முகத்திற்கு வயது ஆறு. ஏடும் பலகையும் ஏந்த வேண்டிய பருவத்தில் நாடக மேடையே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. அச்சிறுவன் நடிப்பதற்கென்றே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று நாடக உலகில் சொல்வர்.

1925-இல் சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி ஆகிய சகோதரர்கள் தமக்கென ஒரு கம்பெனி கண்டனர். தொடங்கிய இடம் திருவனந்தபுரம். சூட்டிய பெயரோ 'மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபை'. பிறந்த ஊரை விட்டுக்கொடுக்காமலே மதுரையைப் பெயரில் சுமந்தார்கள். இரண்டு ஊரையும் நெஞ்சில் தாங்கி வாழும் நமக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

பேசும்படம் வந்தபோது அவர்கள் அதற்கும் அஞ்சவில்லை. மேடையில் நடித்துவந்த 'மேனகா' 1935-இல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. 1961-இல் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் சுப்பிரமணிய சிவாவாக அவர் தோன்றியதை நம்மில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். ஆயினும் அவருடைய உயிர் நாடக மேடையிலேயே இருந்தது. நாற்பதுகளில், முதுமை எட்டிப்பாராத வயதில், கூன் விழுந்த மூதாட்டியாக மேடையேறினார். 1953-இல் ஜெமினி நிறுவனத்தார் எடுத்த 'ஔவையார்' படத்தில் கே. பி. சுந்தராம்பாள் புகழ்பெற நடித்தார். எனினும், 'ஔவை' என்னும் அடைமொழி சண்முகத்தின் பெயரோடுதான் ஒட்டிக்கொண்டது. ஓர் ஆண்மகனுக்கு இத்தகைய பட்டம் வாய்ப்பது எளிதன்று.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. விழா நாடகங்களுக்கு ஒத்திகை நடக்கும்போது நம் இளைஞர் சிலர் தமிழ் வசனங்களை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்வதைக் காண்கிறோம். பேச்சு தமிழ், எழுத்து மலையாளம். பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். நமக்கோ சுளிக்கத் தோன்றவில்லை. தமிழைக் காதால் கேட்டு, நாவால் பழகி, உரக்கச் சொல்லிக் கற்பதே பாலர் சபையின் முறை. அம்முறையில் வளர்ந்தவரே சண்முகம். நம் பிள்ளைகள் அவ்வழியில் முதல் அடியை எடுத்து வைத்துவிட்டார்கள்.

ஆனால் முதல் அடியோடு நின்றுவிடலாகாது. மேடையில் வளர்ந்த அந்தச் சிறுவன் பின்னாளில் பேனாவும் பிடித்தார். 1972-இல் வெளிவந்த 'எனது நாடக வாழ்க்கை', தமிழ் நாடக வரலாற்றை அறிய விரும்புவோர் தவறவிடக் கூடாத நூல். 1962-இல் சங்கீத நாடக அகாதெமி விருதும், 1971-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்ற அவர் 1973-இல் மறைந்தார். மேடையில் முழங்கிய குரல் அடங்கிவிட்டது. எழுதி வைத்தது நம் கையில் இருக்கிறது. பேச்சு அவரைத் தமிழராக வளர்த்தது. எழுத்து அவரை நமக்காக வைத்திருக்கிறது.

ஆதலின் பெற்றோர்க்கு நாம் சொல்வது இதுவே. பிள்ளைகள் மேடையேற விரும்பினால் தடுக்காதீர்கள். மலையாள எழுத்தில் எழுதிப் படித்தாலும் கடிந்துகொள்ளாதீர்கள். ஒத்திகை முடிந்து வீடு திரும்பியதும் அருகில் அமர்த்தி, அதே வசனத்தை ஒரு நாளைக்கு ஒரு வரியாகத் தமிழ் எழுத்தில் எழுதச் செய்யுங்கள். நாடகம் அரங்கேறும் நாளுக்குள், தம் வேடத்திற்குரிய வசனம் முழுவதையும் அவர்களே தமிழில் எழுதி முடித்திருப்பார்கள்.