டெட் ஸ்டாக்

அப்பா அனுப்பிய மல்லாட்டை எண்ணெய் டின்னைத் திறந்ததுமே என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்னங்க, காறல் வாடை அடிக்குது!" (மல்லாட்டை என்றால் வேர்க்கடலை சார். மணிலாக்கொட்டை எங்கள் திண்டிவனம் பக்கத்து வாயில் பட்டு அப்படி ஆகிவிட்டது.) டின் சாமி விளக்குக்கு ஒதுக்கப்பட்டது. சாமிக்கு மூக்கு கிடையாது போலும்.

சொந்த நிலத்துக் கடலை. செக்கில் பக்கத்தில் நின்று ஆட்டியது. போனில் சொன்னால், "நான் கலப்படம் பண்ணேங்கிறியா?" என்று அப்பா வைத்துவிட்டார். நாலு நாள் பேச்சில்லை.

விவசாயம் படித்த நண்பனிடம் புலம்பினேன். பி.காம். மூளைக்கு ஏற்ற மாதிரி விளக்கினான். "எண்ணெயில ஒலிக், லினோலிக்னு ரெண்டு அமிலம் முக்கியம். லினோலிக் காத்து பட்டா சீக்கிரம் கெடும். நம்ம ரகங்கள்ல அது நூத்துக்கு முப்பது இருக்கறது சகஜம். உங்கப்பா தப்பில்லடா, விதையோட குணம்."

மாற்று இல்லாமலில்லை. அமெரிக்காவில் ஃப்ளோரிடாக்காரர்கள் நூற்றுக்கணக்கான கடலை வகைகளைச் சோதித்ததில், ஒன்றிரண்டில் மட்டும் ஒலிக் 80 சதவிகிதம்! 1987-ல் அறிவித்தார்கள். அந்தக் குணத்தை நம் ரகத்தோடு கலந்து 2020-ல் இங்கே வந்தவைதான் கிர்னார் 4, கிர்னார் 5.

"அந்த ஒண்ணை, விளைச்சல் போதலைன்னு எவனாவது தூக்கிப் போட்டிருந்தா?" என்றான். உலகத்துக் கடலையெல்லாம் தென் அமெரிக்காவில் இரண்டு காட்டுச் செடிகள் தற்செயலாகக் கலந்து பிறந்த வம்சமாம். பங்காளிகள் குறைச்சல். அதனால்தான் ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவில் இக்ரிசாட் சுமார் 15,000 வகை கடலையைக் குளிரில் வைத்துக் காப்பாற்றுகிறது.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தாத்தா காலத்து விதைக்கென்று அப்பா ஒதுக்கியிருந்த நாலு சென்ட்டை, "டெட் ஸ்டாக், நஷ்டம்" என்று மூன்று வருஷம் முன்பு கணக்குப் போட்டு நிறுத்தச் சொன்ன மேதாவி நான்தான். கடலை விதையை வீட்டில் வருஷக்கணக்கில் போட்டு வைக்கவும் முடியாது. முளைப்பு போய்விடும்.

போன் போட்டேன். "எண்ணெய் விஷயத்துல உங்க தப்பு இல்லப்பா. அந்தப் பழைய விதை..."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"மோட்டார் கொட்டாய்க்குப் பின்னாடி வருஷா வருஷம் போட்டுக்கிட்டுதான் இருக்கேன். உங்கிட்ட சொன்னா கணக்கு கேப்பே."

அதில் என்ன குணம் இருக்கிறதோ, சோதித்தால்தான் தெரியும். "நண்பன் ஒரு படி கேக்கறான்பா."

"உரிக்காம குடுத்து விடறேன். திங்காம அவன்கிட்ட சேத்துடு."