அம்மாயி பிறந்த நாடு

உலகக் கிண்ணம் வந்துட்டா எங்க தோட்டத்துல ரெண்டே கட்சிதான். ஒண்ணு பிரேசில், இன்னொண்ணு ஆர்ஜென்டினா. "நம்ம நாடு எப்ப ஆடும்?" என்று கேட்கிறது சின்னப் பசங்கதான். நியாயமான கேள்வி. பதில் சொல்லணும்னா போட்டி எப்படி நடக்குதுன்னு பார்க்கணும்.

2026 கிண்ணத்துக்கு 48 அணிகள். நாலு நாலா 12 குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் முதல் ரெண்டு அணிகள், அதோட மூன்றாம் இடம் பிடித்தவற்றில் சிறந்த 8, ஆக 32 அணிகள் அடுத்த சுற்றுக்குப் போகும். மொத்தம் 104 ஆட்டங்கள்.

ஆனால் தகுதிகாண் சுற்று அதுக்கு ரெண்டரை வருசத்துக்கு மேல முன்னமே தொடங்கிடுது. ஆசியாவில் 46 அணிகள். தரவரிசையில் கீழே உள்ள 20 அணிகள் ஜோடி போட்டு ரெண்டு ஆட்டம் ஆடணும். அதில் இலங்கையும் ஒண்ணு. 2023 ஒக்டோபரில் யெமனிடம் 3-0 தோல்வி, பிறகு கொழும்பில் 1-1. கூட்டினால் 4-1. ஒரு வாரத்துக்குள்ள நம்ம உலகக் கிண்ணம் முடிஞ்சது.

இனி, நாட்டுக்காக யார் ஆடலாம்? முதல் நிபந்தனை குடியுரிமை. அதைப் புதுசா எடுத்தவர்னா ஃபீஃபா இன்னொண்ணும் கேட்கும். அவர் அந்த நாட்டில் பிறந்திருக்கணும். இல்லாட்டி அம்மாவோ அப்பாவோ, தாத்தா பாட்டியில் ஒருத்தரோ பிறந்திருக்கணும். அதுவும் இல்லாட்டி சில வருசம் அங்கே வாழ்ந்திருக்கணும். ஜெர்மனியில் பிறந்த வசீம் ராசிக் இலங்கைக்கு ஆடியிருக்கிறார். அம்மாயி பிறந்த நாடுகூட இந்தக் கணக்கில் வரும்.

இதை வாசிச்சதும் எங்களுக்கு 1948 ஞாபகம் வந்தது. அந்த வருசத்துக் குடியுரிமைச் சட்டத்துக்கு இங்கே பிறந்தது மட்டும் போதல. அப்பா இங்கே பிறந்திருக்கணும், இல்லாட்டி அப்பாவோட அப்பாவும் அவரோட அப்பாவும் பிறந்திருக்கணும். அம்மாவும் அம்மாயியும் கணக்கிலேயே இல்ல. தோட்டத்தில் பிறந்த எத்தனையோ பேரிடம் பத்திரமும் இல்ல. சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவரானாங்க. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்குன்னு பிரிச்சது. மிச்சமிருந்தவங்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வர்ற வரைக்கும் காத்திருப்புத்தான்.

ஃபீஃபா கேட்கிற பிறப்பு, வசிப்பு ரெண்டும் நம்ம ஆட்களிடம் இருந்தது. முதல் நிபந்தனை மட்டும்தான் இல்ல. அந்தக் காலத்தில் பசறையிலோ மடுல்சீமையிலோ எவ்வளவு நல்லாப் பந்து உதைச்ச பையனா இருந்தாலும், அணியில் இடம் கேட்க அவனுக்கு நாடு இருக்கல.

இப்போ பத்திரம் இருக்கு. ஆனா மலைச்சரிவில் சமதரை எங்கே? பிரட்டுக்களத்தில் ஆடினா பந்து உருண்டு தேயிலைக்குள்ள போயிடும். ஒழுங்கான மைதானம்னா பதுளை வின்சன்ட் டயஸ்தான். பஸ் காசு, நேரம், வீட்டு அனுமதி எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு பொண்ணோ பையனோ அங்கே போய்ச் சேர முடியும்.

உங்க டிவிஷனில் மைதானம் இருக்கா? யார் பராமரிக்கிறாங்க? பொம்பளப் பிள்ளைங்களும் ஆடுறாங்களா? எங்களுக்கு எழுதுங்க. தோட்டம் தோட்டமாப் பட்டியல் போட்டு பிரதேச சபைகளுக்குக் கொண்டுபோறதா இருக்கோம்.