முழங்காலுக்கு ஒரு தவணை

முழங்கால் நன்றாயிருக்கும் வரையில் அதனை நாம் நினைப்பதேயில்லை. அது நோகத் தொடங்கிய பின்னரோ வேறெதனையும் நினைக்க முடிவதில்லை.

மாத்தளை மாவட்டத்து வஹகோட்டைப் புனித அந்தோனியார் ஆலயத்துக்குச் சென்றோர் இதனை அறிவர். போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் கண்டி அரசர் காலத்தில் குடியமர்ந்த பழைய கத்தோலிக்க ஊர் அது. அங்கு வரும் முதியோர் பலர் நின்றவாறே செபிக்கின்றனர். பக்திக் குறைவன்று; முழங்கால் இடங்கொடுப்பதில்லை. எமது அம்மம்மாவும் அவர்களுள் ஒருவர். "பிள்ளை, ஊசி போட்டால் வாற திருநாளுக்காவது முழந்தாளிடலாமோ?" என்று அவர் எம்மிடம் கேட்டார்.

மூட்டுத் தேய்வில், எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு தேய்கிறது. மூட்டு வீங்கி நோகிறது. மூட்டினுள்ளே ஸ்டீரொயிட் மருந்தை ஏற்றும் சிகிச்சையை 1951 இல் அமெரிக்க வைத்தியர் ஹொலண்டர் வெளியிட்டார். அது வீக்கத்தைத் தணித்துச் சில வாரங்களுக்கு நோவைக் குறைக்கும், தேய்ந்ததை வளர்க்காது. 2017 இல் வெளிவந்த ஆய்வொன்றில், 3 மாதங்களுக்கு ஒருமுறையாக 2 ஆண்டுகள் அவ்வூசி பெற்றோருக்கு, வெறும் உப்புநீர் ஏற்றப்பட்டோரைவிடக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது; நோவில் வேறுபாடு காணப்படவில்லை. நீரிழிவுள்ளோருக்குச் சில நாட்கள் இரத்தத்தில் சீனியும் ஏறக்கூடும். நோயாளியின் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த குருதிச் சிறுதட்டுக்களை ஏற்றும் முறையும், 2021 இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வில், உப்புநீரைவிடக் குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை.

அவ்வாறாயின் ஊசி வீணா? வீணன்று. அது ஒரு தவணை. கடன்காரன் தந்த தவணையில் உழைத்துச் சேர்ப்பதுபோல, நோவு தணிந்த வாரங்களில் தொடைத் தசைகளுக்குப் பலம் சேர்த்தல் வேண்டும். உடற்பருமன் உள்ளோர் 1 கிலோ எடை குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறையும்.

அம்மம்மாவுக்கு இதனை விளக்கினோம். வைத்தியரின் ஆலோசனைப்படி ஓர் ஊசி போடப்பட்டது. முழந்தாளிடுவதற்கு எவரும் உறுதி கூறவில்லை. ஆயினும் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழும் பயிற்சியை அவர் நாள்தோறும் செய்துவருகிறார். இப்பொழுது படியேறப் பிறர் தோளைத் தேடுவதில்லை.

முதியோரை ஊசி போட அழைத்துச் செல்லும் இளைஞர் வீட்டில் உண்டு. மறுவாரம் பயிற்சிக்கும் அவர்கள் அருகிலிருப்பாராயின், அத்தவணை வீண்போகாது.