ஜூன் ஒன்று

எங்க ஆயா 1996 மே 31ஆம் தேதி பணி ஓய்வு பெற்றது. கோடை விடுமுறை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லை. மாலை போட, நாலு வார்த்தை பேச ஆளில்லை. ஆனாலும் ஆயா வழக்கம்போலக் கஞ்சி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு ஒன்பது மணிக்குக் கிளம்பியது. எனக்கு அப்போது எட்டு வயசு. நானும் கூடப் போனேன். பூட்டைத் திறந்து, கரும்பலகையைத் துடைத்து, பதிவேடுகளை எண்ணிப் பீரோவில் வைத்து, சாவியைக் கொடுக்கவேண்டிய இடத்தில் கொடுத்துவிட்டு வந்தோம். 38 வருச வேலை அவ்வளவுதான்.

"ஏன் ஆயா லீவுல போய் ரிடையர் ஆவுற?" என்று வழியில் கேட்டேன்.

"நான் எங்க கண்ணு ஆனேன்? 1945ல ஒரு வாத்தியாரு எழுதி வெச்சாரு. அது இப்பதான் வந்து சேர்ந்திருக்குது."

அது எனக்குப் புரிய இன்னும் பல வருசம் ஆனது.

ஆயா படித்தது லேபர் ஸ்கூலில். வெள்ளைக்காரன் காலத்தில் தொழிலாளர் துறை சேரிப் பிள்ளைகளுக்கென்று நடத்திய பள்ளிகளுக்கு எங்கள் சனங்கள் வாயில் அதுதான் பேர். தென்னாற்காடு ஜில்லாவில் எங்கள் சேரிக்கும் ஒன்று இருந்தது. வாத்தியார் ஊர்த்தெருவிலிருந்து வருவார். சேர்க்கும்போது வலது கையைத் தலைக்குமேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் அஞ்சு வயசு. அந்த வாத்தியார் பிள்ளைகளைத் தொடமாட்டார். குச்சியால்தான் கையைத் தூக்கி விடுவார். அன்றைக்கு வரிசையில் நின்றது பதினோரு பிள்ளைகள். ஏழு வயசும் உண்டு, எட்டு வயசும் உண்டு. ஆயாதான் சின்னது. பதினோரு பேருக்கும் ஒரே பிறந்தநாள் எழுதினார்: 1-6-1938. பெற்ற தாய்மார்கள் பத்தடி தள்ளிப் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தியையும் அவர் கேட்கவில்லை.

ஆயாவின் அம்மாவுக்குக் கணக்குத் தெரியும். சண்டை ஆரம்பித்து அடுத்த தை. அதாவது 1940. களத்துமேட்டில் நெல் அடித்துக்கொண்டிருந்தபோது வலி கண்டது. அந்தக் கணக்கை எழுத அரசாங்கத்திடம் தாள் இருந்தது, மை இருந்தது. கேட்க வாய்தான் இல்லாமல் போனது.

இதைப் படிக்கிற தோழர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களின் டி.சி.யை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் திறந்த நாளே எத்தனை பேருக்குப் பிறந்தநாளாக இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஏழைகள் எல்லாச் சாதியிலும் இதை அனுபவித்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரு தெருவே ஒரே நாளில் பிறந்ததாக எழுதிவிட்டு உறுத்தாமல் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன முடிந்தது சேரி என்பதால்தான். பேரும் அப்படித்தான். தாய் முனுசாமி என்று சொன்னால் பதிவேட்டில் முனியன் என்று நிற்கும். 'சாமி'யை வாத்தியார் வெட்டியிருப்பார்.

எட்டாவது முடித்து மூணு வருசம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்விட்டு, பிறகு ரெண்டு வருசம் ஹையர் கிரேடு டிரெயினிங் முடித்து, 1958இல் ஆயா டீச்சரானது. அரிசன நலப் பள்ளி. பிற்பாடு ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்று பலகை மாறியது. முதல் பள்ளியின் தலைமையாசிரியர் தண்ணீர் குடிக்கத் தனிப்பானை வைத்திருந்தார். சேரிக்காக நடக்கிற பள்ளியில் சேரி டீச்சர் தொடக்கூடாத பானை!

முதல் ஜூன் மாதம். சேர்க்கைப் பதிவேட்டை ஆயாவிடம் கொடுத்தார். ஆயா பிள்ளைகளின் தாய்மார்களை உள்ளே கூப்பிட்டு பெஞ்சில் உட்காரச் சொன்னது. அவர்கள் பயந்துபோய்த் தரையில் உட்கார்ந்தார்கள். ஆயாவும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியாகக் கேட்க ஆரம்பித்தது. ஒரு பிள்ளைக்கு அரைமணி நேரம் ஆனது.

"ஏம்மா, இதுங்களுக்கு ஜாதகமா எழுதப் போற? ஜூன் ஒண்ணுன்னு போட்டுட்டு வேலையப் பாரு" என்றார் தலைமையாசிரியர்.

"இதான் சார் வேலை" என்றதாம் ஆயா. இதைச் சொல்லும்போதெல்லாம் அதற்குச் சிரிப்பு வரும். "எனக்கு அப்ப பதினெட்டு வயசு கண்ணு. கை காலு ஆடுது. வாய் மட்டும் பேசிடுச்சி."

அதற்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தது ஆயா. அதில் பாடக் குறிப்பு கிடையாது. நாட்டில் நடந்தவை தேதிவாரியாக இருக்கும். எம்.ஜி.ஆர். சுடப்பட்டது, 12-1-1967. வெண்மணியில் 44 பேரை எரித்தது, 25-12-1968. அண்ணா இறந்தது, 3-2-1969. காமராசர் இறந்தது, 2-10-1975. எங்கள் பக்கத்தில் நடந்ததும் உண்டு. விழுப்புரத்தில் நம் ஆட்கள் 12 பேரைக் கொன்றது, 1978 ஜூலை. பக்கத்திலேயே எந்த வருசம் ஏரி உடைந்தது, எந்த வருசம் கூழுக்கும் வழியில்லாமல் போனது என்பதெல்லாம் இருக்கும்.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்குத் தேதி தெரியாதே ஒழிய நாள் தெரியும். "அண்ணா செத்த அன்னிக்கி ராத்திரி வலி கண்டுச்சி டீச்சரம்மா, விடியல்ல பொறந்தான்" என்பாள். ஆயா நோட்டைப் பார்த்து 4-2-1969 என்று எழுதும். "விழுப்புரத்துல வெட்டிப் போட்டாங்களே, அப்ப இவ வயித்துல ஏழு மாசம்" என்பாள் இன்னொருத்தி. "புரட்டாசியா ஐப்பசியா? மழ புடிச்சிதா?" என்று ஆயா கேட்டுக்கொண்டே போகும். எந்தச் சரித்திர ஆசிரியரும் இப்படி ஒரு சரித்திரம் எழுதியிருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் எம்.ஏ. தமிழ் படிக்கப் போனேன். நன்னூலில் நல்லாசிரியனுக்கு இலக்கணம் சொல்கிறார்கள். அவனுக்கு வேண்டிய தகுதிகளின் வரிசையில் முதலில் வந்து நிற்பது உயர்ந்த குலம். அருள், கல்வி, பூமி, மலை, மலரைப் போன்ற குணங்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான். வகுப்பில் பேராசிரியர் விளக்கிக்கொண்டே போனார். நான் நோட்டில் எங்க ஆயா பேரை எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எழுந்து கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. அந்தக் குறை இன்னும் இருக்கிறது.

ஆயாவைத் தெய்வமாக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை. எங்கம்மாவுக்கு அதன்மேல் தீராத கோபம். அம்மா பிறந்தது 1966 ஆடியில். தாத்தா செத்துப்போய், பெரியாயாவும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போக ஆளில்லை. 1970 ஜூனில், நாலு வயசுகூட நிரம்பாத அம்மாவை ஆயா தன் வகுப்பிலேயே சேர்த்தது. வயசு பத்தவில்லை. பதிவேட்டில் 1965 மே என்று எழுதிவிட்டது. அம்மா சத்துணவு அமைப்பாளராகச் சேர்ந்தபோதும் அந்தத் தேதிதான்.

"ஊரான் புள்ளைக்கெல்லாம் நெசத்த எழுதினா. பெத்த பொண்ணுக்கு மட்டும் பொய்யி" என்று அம்மா சண்டை வரும்போதெல்லாம் சொல்லும். ஆயா பதில் பேசாது. அந்த நேரம் பார்த்து விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடும்.

இன்னொரு கோபமும் அம்மாவுக்கு உண்டு. சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணை நிறையப் பிள்ளைகள் இருப்பார்கள். அரிக்கேன் விளக்கு ஒன்று. படித்து முடித்ததும் இருக்கிற கூழை அவர்களுக்கும் ஊற்றிக் கொடுக்கும் ஆயா. தன் மூணு பிள்ளைகளுக்கும் அதே அளவுதான். "எங்களுக்கு அம்மா இல்ல, டீச்சருதான் இருந்தாங்க" என்று அம்மா சொல்வது பொய்யில்லை. பேரப்பிள்ளைகளான எங்களுக்கு ஓய்வுபெற்ற ஆயா கிடைத்தது. கதை கிடைத்தது, மடி கிடைத்தது. அம்மாவுக்குக் கிடைக்காத பங்கு அது என்பதை நான் வளர்ந்த பிறகுதான் உணர்ந்தேன்.

நாங்கள் மேடைகளில் சாவித்திரிபாய் பூலேவைப் பற்றிப் பேசுவோம். 1848இல் புனேயில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தப் போனவர்மீது சேற்றையும் சாணியையும் எறிந்தார்கள் என்று பேசுவோம். பேசத்தான் வேண்டும். ஆனால் பேசிவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து ஆயா போட்டு வைத்த சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்திருக்கிறேன். "உனக்கு என்ன ஆயா நடந்தது?" என்று உட்கார வைத்துக் கேட்டது மிகக் குறைவு. முன்பின் தெரியாத தாய்மார்களைக் கேட்டுக் கேட்டு எழுதிய கிழவியைக் கேட்டு எழுத வீட்டில் ஓர் எழுத்தாளர் இருந்தும் பிரயோசனமில்லை.

2023 அக்டோபரில் ஆயா இறந்தது. சாவுக்கு வந்தவர்களில் தலை நரைத்த ஒருவர் என்னிடம் வந்து, "1969 பிப்ரவரி 4. டீச்சரம்மா எழுதினது. எங்கம்மாவ உக்கார வெச்சி கேட்டு எழுதினாங்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அழுதுவிட்டுப் போனார்.

இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனேன். 83 வயசு என்று சொன்னேன். எழுத்தர் ஆதார் அட்டையைப் பார்த்தார். 01-06-1938. "அட்டையில என்ன இருக்கோ அதான் வரும்" என்று 85 போட்டார். அவர்மேல் தப்பில்லை. அவருக்கு முன்னால் இருந்தது ஒரு தாள். அந்தத் தாளுக்குப் பின்னால் இன்னொரு தாள். எல்லாத் தாளுக்கும் அடியில் 1945இல் ஒரு குச்சியும், கேட்கப்படாத பதினோரு தாய்மார்களும். 78 வருசம் கழித்தும் அந்தப் பொய் ஆயாவைச் சுடுகாடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் திரும்பியது.

பதினாறாம் நாள் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அந்த நோட்டு இருந்தது. கடைசிப் பக்கத்தில் அம்மாவின் பேர். அதன் கீழே, "பதிவேட்டில் 1965 என எழுதியது தவறு. சரியான வருடம் 1966, ஆடி" என்று சிவப்பு மையில் இருந்தது. பதிவேட்டில் அடித்துத் திருத்தினால் ஆசிரியர்கள் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார்களே, அப்படி ஆயா சுருக்கொப்பமும் போட்டிருந்தது. எப்போது எழுதியது என்று தெரியவில்லை. அம்மா அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு நோட்டை எடுத்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டது.

படத்திறப்புக்கு அச்சடிக்கக் கொடுக்கும்போது 'பிறப்பு: 1940 தை' என்று எழுதிக் கொடுத்தோம். "தேதி போடலியே" என்று கேட்டார் அச்சகத்துக்காரர்.

"தேதி தெரியாதுங்க. தெரிஞ்சது இவ்ளோதான்" என்றது அம்மா.